கூரைமேல் சாய்ந்த மரமும் தனித்திருக்கும் முதியோரும்



சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மே மாதத்தில், குமரி மாவட்டத்தின் உட்பகுதியிலுள்ள நமது பங்கில் வீடு சந்திப்பிற்குச் சென்றிருந்தோம். அது ஓர் ஓட்டு வீடு. எழுபத்தைந்து வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் அங்கே தனியாக வாழ்கிறார். கணவர் இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. மகன் வளைகுடா நாட்டில் வேலை பார்க்கிறார். மகள் திருமணமாகி வெளியூரில் இருக்கிறார். வீட்டை மந்திரித்து முடித்ததும், அந்த அம்மா நம்மைப் பின்பக்கம் அழைத்துச் சென்று காட்டினார். அடுக்களைக்கு நேர்மேலே ஓர் அயனி மரம் சாய்ந்து நின்றது. அதில் ஒரு பெரிய கொப்பு பட்டுப்போயிருந்தது.

"சாமி, காத்தடிச்சா எனக்கு உறக்கமே இல்ல. முன்னறையில இருந்து செபமாலை சொல்லிச் சொல்லியே விடிய வைப்பேன்" என்றார். "பார்க்கலாம் பாட்டி, ஏதாவது செய்வோம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டிற்குச் சென்றோம். அன்று இன்னும் பதினான்கு வீடுகள் பாக்கி இருந்தன.

ஜூன் மாதக் காற்றில் அந்தக் கொப்பு முறிந்து அடுக்களைக் கூரையை நொறுக்கியது. இரவு நேரம் என்பதால் அவர் முன்னறையில் இருந்தார், காயமின்றித் தப்பினார். காலையில் நாம் ஓடிச்சென்று ஆறுதல் சொன்னோம். அவர் நம்மைக் குறை சொல்லவில்லை. "மாதா காப்பாத்தினா" என்று மட்டும் சொன்னார். மாதா காப்பாற்றினார் என்பதை நாமும் விசுவசிக்கிறோம். ஆனால், நாம் காப்பாற்றவில்லை என்பதும் உண்மை. இந்தச் சிந்தனை அந்த மனவருத்தத்திலிருந்து பிறந்தது.

முதியோர் பெருகும் ஊர்கள்

இது ஒரு மூதாட்டியின் கதை மட்டுமல்ல. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2021-ஆம் ஆண்டு வெளியிட்ட முதியோர் பற்றிய அறிக்கையின்படி, கேரளத்திற்கு அடுத்தபடியாக முதியோர் விகிதம் அதிகமுள்ள மாநிலம் தமிழ்நாடு. 2021-இல் தமிழக மக்களில் 13.6 விழுக்காட்டினர் 60 வயதைக் கடந்தவர்கள் என்றும், 2031-இல் இது 18.2 விழுக்காடாக உயரும் என்றும் அந்த அறிக்கை கணித்துள்ளது. பிள்ளைகள் வேலைக்காக வெளிநாடும் வெளிமாநிலமும் சென்றுவிட்ட ஊர்களில், மூன்று தலைமுறை வாழ்ந்த வீட்டில் இன்று ஒருவரோ இருவரோதான் இருக்கிறார்கள்.

வீட்டில் ஆட்கள் குறைந்துவிட்டார்கள், மரங்கள் குறையவில்லை. பிள்ளைகள் பிறந்தபோது நட்ட மாவும் பலாவும் அயனியும் இன்று கூரையைத் தாண்டி வளர்ந்து நிற்கின்றன. முன்பெல்லாம் வீட்டுக்காரரே கோடரி எடுத்துக் கொப்பு கழிப்பார். அல்லது அயலார் நால்வர் கயிறு பிடிப்பார்கள். இன்று வீட்டுக்காரருக்கு ஏணியில் ஏறவே முடியவில்லை. மரம் ஏறும் தொழிலாளர்களும் குறைந்துவிட்டார்கள். திறந்த தோட்டத்தில் நிற்கும் மரத்தை வெட்டுவது எளிது. வீட்டுக்கும் மின்கம்பிக்கும் இடையில் நிற்கும் மரத்தை, கொப்பு கொப்பாக அறுத்து, கயிறு கட்டி இறக்க வேண்டும். அதற்கு அனுபவமுள்ள ஆட்கள் வேண்டும். ஒன்றிரண்டு நாள் கூலி வேண்டும். தமிழக அரசின் முதியோர் உதவித்தொகை 2023-இல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதை நம்பி வாழும் ஒருவர், பல மாத உதவித்தொகையைச் சேர்த்து வைத்தாலும் இந்தச் செலவைத் தாங்க முடியாது.

இந்த இக்கட்டைப் பயன்படுத்திக்கொள்வோரும் உண்டு. "இந்த மரத்தை இலவசமாக வெட்டித் தருகிறேன், அந்தப் பலாவையும் தேக்கையும் எனக்குத் தந்துவிடுங்கள்" என்று பேரம் பேசும் தடி வியாபாரிகளை நாம் பார்த்திருக்கிறோம். தடியின் மதிப்பு தெரியாத முதியவர், பயத்தினால் தலையசைத்துவிடுகிறார். "இந்த வீடும் மரமும் உங்களுக்கு எதற்கு? விற்றுவிட்டு எங்களோடு வாருங்கள்" என்று நெருக்கும் உறவினர்களும் உண்டு. மரம் ஒரு சாக்கு. குறி அந்த மனைமீது.

விழுந்த பின் வரும் உதவி

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்தைத் தாக்கியது. கடலில் நம் மீனவச் சகோதரர்களை இழந்த அந்தத் துயரம் இன்றும் ஆறவில்லை. அதே நாளில் உட்பகுதியில் ரப்பரும் தென்னையும் வாழையும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் முறிந்து ஊர்கள் பல நாள் இருளில் கிடந்தன. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல் டெல்டாவின் தென்னந்தோப்புகளை அழித்தது. ஒவ்வொரு முறையும் அரசும் திருச்சபையும் நல்மனம் கொண்டோரும் உதவிக்கு ஓடி வந்தார்கள். நன்றியோடு இதை நினைக்கிறோம்.

ஆனால், இந்த உதவி எல்லாம் எப்போது வருகிறது என்பதைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்காக மத்திய அரசு 2022 முதல் 2026 மார்ச் வரையிலான காலத்திற்கு வகுத்த விதிமுறையில், உயிரிழப்புக்கு 4 இலட்சம் ரூபாய், சமவெளியில் முழுவதும் இடிந்த வீட்டிற்கு 1,20,000 ரூபாய் என்று தொகைகள் குறிக்கப்பட்டிருந்தன. இது பேரிடர் நடந்த பின் தரப்படும் நிவாரணம். மரம் விழுந்து ஆள் இறந்தால் 4 இலட்சம். விழாமல் தடுக்கச் சில ஆயிரம் கேட்டால், எந்தக் கதவைத் தட்டுவது என்று முதியவருக்குத் தெரிவதில்லை. அமெரிக்காவில் 1949-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் 504-ஆம் பிரிவு, ஊர்ப்புறங்களில் வாழும் 62 வயதைக் கடந்த ஏழை வீட்டு உரிமையாளர்களுக்கு, வீட்டின் ஆபத்துகளை முன்கூட்டியே நீக்க மானியம் வழங்க வழி செய்திருக்கிறது. வருமுன் காக்க ஓர் அரசு உதவ முடியும் என்பதற்கு இது சான்று. நம் அரசிடமும் இதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

சட்டம் சொல்வதும் சொல்லாததும்

ஆபத்தான மரத்தைப் பற்றிச் சட்டம் பேசாமல் இல்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு, இப்போது 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவாக இருக்கிறது. அக்கம்பக்கத்தாருக்கோ வழிப்போக்கருக்கோ தீங்கு விளையும்படி விழக்கூடிய நிலையில் ஒரு மரம் நின்றால், அதை அகற்றவோ முட்டுக்கொடுக்கவோ வேண்டும் என்று உரிமையாளருக்கு ஆட்சியரோ கோட்டாட்சியரோ ஆணையிடலாம். அண்டை மாநிலமான கேரளத்தில், 1994-ஆம் ஆண்டுப் பஞ்சாயத்து ராஜ் சட்டத்தின் 238-ஆம் பிரிவு இத்தகைய அதிகாரத்தை ஊராட்சிக்கே அளித்திருக்கிறது.

இவை நல்ல சட்டங்களே. அயலாரின் உயிரும் உயிர்தான். அயல்வீட்டு மரம் தம் கூரைமேல் சாய்ந்து நிற்கும்போது, பேசிப் பார்த்தும் பலனில்லை என்றால், ஒரு முதியவர் இந்தச் சட்டத்தை நாடலாம். நாட நாம் அவருக்கு உதவலாம். ஆனால், அந்த மரத்தின் உரிமையாளரே எழுபத்தைந்து வயது கைம்பெண்ணாக இருந்தால்? மரத்தை அகற்று என்று ஆணையிடச் சட்டத்திற்குத் தெரிகிறது. அகற்ற முடியாதவருக்குக் கைகொடுக்க அதற்குத் தெரியவில்லை. உதவி வருமுன் நோட்டீஸ் வந்துவிடுகிறது. அயலார் மனு எழுதுகிறார். ஞாயிறு திருப்பலியில் சமாதானம் சொல்லிக்கொள்ளும் இருவர், திங்கட்கிழமை தாலுகா அலுவலகத்தில் எதிரெதிரே நிற்கிறார்கள். அந்த மனுவை எழுதிய பேனாவுக்கு முன்பாக, ஒரு கயிறும் நான்கு கைகளும் அந்த வீட்டிற்குப் போயிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

விவிலிய ஒளியில்

புதிய வீடு கட்டுகிறவர் மேல்தளத்தைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் கட்ட வேண்டும். யாராவது விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்று மோசே வழியாக ஆண்டவர் கட்டளையிடுகிறார் (இணைச் சட்டம் 22:8). முட்டும் பழக்கமுள்ள மாட்டைக் கட்டிவைக்காதவர், வெட்டிய குழியை மூடாதவர் ஆகியோரும் பொறுப்பாளிகள் என்கிறது விடுதலைப் பயண நூல் (21:29,33). ஆபத்து இருக்கிறது என்று தெரிந்தபின் சும்மா இருப்பது குற்றம் என்பதே இவற்றின் பொருள்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. தெரிந்தவர் செய்ய இயலாதவராக இருந்தால், பொறுப்பு எங்கே போகிறது? அது மறைந்துவிடுவதில்லை. தெரிந்த மற்றவரிடம் வருகிறது. முதியோரையும் நோயுற்றோரையும் கவனிப்பது முதலில் குடும்பத்தின் கடமை. குடும்பத்தால் இயலாதபோது அது பிற மனிதர்களையும் பிற குடும்பங்களையும், அதன்பின் சமுதாயத்தையும் சாரும் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி கற்பிக்கிறது (எண் 2208). அந்த மூதாட்டி நம்மைப் பின்பக்கம் அழைத்துச் சென்று மரத்தைக் காட்டிய நொடியில், அது நம் மரமும் ஆகிவிட்டது. இதை நாம் பிந்தியே உணர்ந்தோம்.

சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்தனர். அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என ஆண்டவர் இயேசு கேட்டார் (லூக்கா 13:4). இறந்தவர்களின் பாவத்தைத் தேடாமல், உயிரோடிருப்போர் மனம் மாற வேண்டும் என்றார். மரம் விழுந்தால் நாமும், "விதி", "நேரம்", "கடவுளின் சித்தம்" என்று பேசிவிட்டுப் போகிறோம். பட்டுப்போன கொப்பு மூன்று ஆண்டுகளாக அங்கே தொங்கியதை ஊரே பார்த்திருக்கும். அதைக் கடவுளின் சித்தம் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

கொர்பான்

பெற்றோருக்குத் தர வேண்டியதைக் கடவுளுக்குக் காணிக்கை, அதாவது கொர்பான், என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை ஆண்டவர் கண்டித்தார் (மாற்கு 7:9-13). இதை வாசிக்கும்போது நமக்கு நம் பங்குத் திருவிழாக்கள் நினைவுக்கு வருகின்றன. கொடியேற்றத்திற்கும் தேருக்கும் வாணவேடிக்கைக்கும் வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் தாராளமாக அனுப்புகிறார்கள். நாமும் பீடத்தில் நின்று பெயரை வாசித்து நன்றி சொல்கிறோம். அவர்களில் சிலரது தாய் தந்தையர், அதே வாரத்தில், சாய்ந்த மரத்தின் கீழ் படுத்துறங்குகிறார்கள். பிள்ளைகளைக் குற்றம் சாட்ட இதைச் சொல்லவில்லை. பலருக்கு இது தெரியவே தெரியாது. தொலைபேசியில், "நல்லா இருக்கேன் மக்கா, நீ நேரத்துக்குச் சாப்பிடு" என்றுதான் தாய் சொல்வார். மரத்தைப் பற்றிச் சொல்லமாட்டார். பிள்ளைகள்தாம் கேட்க வேண்டும். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் (2007), உணவு, உடை, மருத்துவம் ஆகியவற்றோடு உறைவிடத்தையும் பராமரிப்பில் சேர்த்திருக்கிறது. பயமின்றி உறங்க முடியாத வீடு உறைவிடம் ஆகுமா?

நாணயத்தின் மறுபக்கத்தையும் பார்ப்போம். நம் ஆலய வளாகத்திலும் கல்லறைத் தோட்டத்திலும் நிற்கும் எத்தனை மரங்கள் அயல்வீட்டுக் கூரைமேல் சாய்ந்திருக்கின்றன? அங்கே வாழும் முதியவர் சாமியாரிடம் சொல்லத் தயங்கிக்கொண்டிருக்கலாம். முதல் வேலையை நம் வளாகத்திலிருந்தே தொடங்குவோம்.

எல்லா மரத்தையும் வெட்டுவதா?

இல்லவே இல்லை. போர்க்காலத்திலும் கனிதரும் மரங்களை வெட்டக்கூடாது என்பது இறைக்கட்டளை (இணைச் சட்டம் 20:19). திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' திருமடலை வாசித்த நாம், கோடரியோடு ஊர் சுற்ற முடியாது. கனி தராத அத்திமரத்திற்காகத் தோட்டத் தொழிலாளர் இன்னும் ஓராண்டு கேட்டார். சுற்றிலும் கொத்தி எருப்போடுவதாகச் சொன்னார் (லூக்கா 13:6-9). பல மரங்களுக்கு அந்த ஓராண்டே போதும். பட்ட கொப்பை நீக்கி, கூரைப்பக்கப் பாரத்தைக் குறைத்தால் மரம் நிற்கும். நிழலும் கனியும் தொடரும்.

அந்த மரம் முதியவருக்கு வெறும் தடி அல்ல என்பதையும் மறக்கக்கூடாது. கணவர் நட்ட மா, மகன் ஊஞ்சல் கட்டிய புளி என்று அவரது வாழ்வே அங்கே நிற்கிறது. "வெட்டிப்போடலாம் பாட்டி, என்ன இருக்கு இதில?" என்று நாம் சொன்னால், அவர் கதவைச் சாத்திக்கொள்வார். முடிவு அவருடையதாக இருக்கட்டும். உண்மை நிலையைப் பொறுமையாக எடுத்துச் சொல்வது நம் கடமை.

ஆபத்தின் அடையாளங்கள் சில உண்டு. புதிதாகச் சாய்வது, அடிமரத்தில் காளான் முளைப்பது, வேர்ப்பக்கம் மண் வெடித்து மேலெழும்புவது, தண்டில் பொந்து, பெரிய கொப்பு பட்டுப்போவது ஆகியவை கவனிக்கத்தக்கவை. தென்னையில் சிவப்புக் கூன்வண்டு தண்டைக் குடைந்தால், துளைகளிலிருந்து பழுப்பு நிறச் சாறு வடியும். ஒருநாள் தலைப்பகுதி முறிந்து விழும். சந்தேகம் வந்தால், அனுபவமுள்ள மரம் ஏறுபவரையோ தோட்டக்கலைத் துறையினரையோ கேட்பது நல்லது.

பங்கில் என்ன செய்யலாம்?

தொடக்கத் திருச்சபையில் கைம்பெண்கள் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்ற முறையீடு எழுந்தபோது, திருத்தூதர்கள் "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. எழுவரைத் தேர்ந்து அப்பணியை ஒப்படைத்தார்கள் (திருத்தூதர் பணிகள் 6:1-6). நமது பங்கிலும் அந்த அடுக்களைக் கூரை விழுந்த பிறகே இதைச் செய்யத் தொடங்கினோம். பிற பங்குகளுக்கும் பயன்படலாம் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறோம்.

முதலாவது, பட்டியல். ஒவ்வோர் அன்பியமும் தன் எல்லைக்குள் முதியோர் தனித்திருக்கும் வீடுகளைப் பருவமழைக்கு முன் பார்வையிட வேண்டும். மரம் யாருடையது, எதன்மேல் சாய்கிறது, மின்கம்பி அருகில் உள்ளதா என்று குறிக்க வேண்டும். இதில் சாதி, சமயம் பார்க்கக்கூடாது. மரம் விழும்போது அது கத்தோலிக்க வீடா, இந்து வீடா, சி.எஸ்.ஐ. வீடா என்று பார்ப்பதில்லை.

இரண்டாவது, நிதி. பிள்ளைகள் இருந்தால் முதலில் அவர்களோடு பேச வேண்டும். யாருமற்றவர்களுக்குப் புனித வின்சென்ட் தே பவுல் சபையும் திருவிழாக் கணக்கில் ஒரு பகுதியும் கைகொடுக்கலாம். ஓர் இரவின் வாணவேடிக்கையில் சிறிது குறைத்தால், சில வீடுகளின் பயம் நீங்கும்.

மூன்றாவது, பாதுகாப்பு. நல்மனத்தோடு வரும் இளையோரை மரத்தில் ஏற்றிவிடுவது பெரும் தவறு. ஓர் உயிரைக் காக்க இன்னோர் உயிரைப் பணயம் வைக்கக்கூடாது. தொழில் தெரிந்தவர்களை அழைத்து, உரிய கூலி கொடுப்போம். தென்னை வளர்ச்சி வாரியம் மரம் ஏறுவோருக்குப் பயிற்சியும் 'கேரா சுரக்ஷா' என்ற விபத்துக் காப்பீடும் அளித்து வந்திருக்கிறது. நம் ஊர்த் தொழிலாளர்களுக்கு இது தெரியுமா என்று கேட்போம். மின்கம்பி அருகில் என்றால், மின்வாரியத்தின் மின்னகம் எண்ணில் (94987 94987) சொல்லி, மின்சாரத்தை நிறுத்திய பின்னரே கை வைக்க வேண்டும். இளையோர் கீழே கொப்புகளை அகற்றலாம். பாட்டிக்குத் துணையாக இருக்கலாம்.

நான்காவது, நேர்மை. இரண்டு மூன்று பேரிடம் கூலி கேட்டு, தடியின் விலையையும் விசாரித்து, எழுத்தில் பதிய வேண்டும். தடி விற்ற பணம் வீட்டுக்காரரின் கைக்கே போக வேண்டும். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை என்று 2021-இல் அரசு அறிவித்தது. சந்தனம் போன்றவற்றுக்கு வனத்துறை அனுமதி வேண்டும். புறம்போக்கில் நிற்கும் மரத்திற்குக் கிராம நிர்வாக அலுவலரை அணுக வேண்டும். இந்த அலைச்சலை முதியவர் தலையில் கட்டாமல் நாமே சுமப்போம். அவசர நிலையில் மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-ஐயும், முதியோர் உதவி எண் 14567-ஐயும் பெரிய எழுத்தில் எழுதி அவர் வீட்டுச் சுவரில் ஒட்டலாம்.

ஐந்தாவது, வெட்டிய மரத்திற்கு ஈடாக, வீட்டை விட்டுத் தள்ளி, இரண்டு கன்றுகள் நடுவோம். அதற்குத் தண்ணீர் ஊற்றுவது மறைக்கல்விப் பிள்ளைகளின் வேலையாக இருக்கட்டும்.

இன்றே தொடங்குவோம்

திருத்தந்தை பிரான்சிஸ் 2021-இல் தாத்தா பாட்டிகள் மற்றும் முதியோருக்கான உலக நாளை ஏற்படுத்தினார். ஆண்டுதோறும் ஜூலை நான்காம் ஞாயிறு அன்று அதைக் கொண்டாடுகிறோம். பொன்னாடை போர்த்துகிறோம், இனிப்பு வழங்குகிறோம். அந்த ஞாயிறு மாலையில் பட்டியலை எடுத்துக்கொண்டு வீடுகளுக்குச் சென்றால், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்குள் வேலையை முடித்துவிடலாம். வர்தாவும் ஒக்கியும் கஜாவும் நவம்பர், டிசம்பர் மாதங்களில் வந்தவை என்பதை மறவாதிருப்போம். குமரி மாவட்டத்தாருக்கு ஜூன் மாதக் காற்றும் உண்டு. ஆகவே மே மாதத்தில் இன்னொரு முறை பார்ப்பது நல்லது.

அந்த அயனி மரத்தின் எஞ்சிய பகுதியையும் பின்னர் வெட்டி இறக்கினோம். தடி விற்ற பணத்தில் அடுக்களைக் கூரை சரிசெய்யப்பட்டது. அடுத்த மழைக்காலத்தில் அந்த அம்மாவைச் சந்தித்தபோது, "இப்போ செபமாலை பாதியிலேயே உறங்கிப் போறேன் சாமி, பாவமா?" என்று கேட்டார். பாவமில்லை என்றோம். அவர் உறங்கட்டும், விழித்திருக்க வேண்டியவர்கள் நாம்.

முதுமையில் நம்மையும் கைவிடாத இறைவன், நம் முதியோரைக் கைவிடாதிருக்க நமக்கு மனமும் வலிமையும் தருவாராக! ஆமென்.